நாலு கதவுக்கும் எண்ணெய்

வண்டிப்பெரியாரில் என் புடவைகளுக்கெல்லாம் புகை வாசம் உண்டு. வருஷத்தில் பாதி நாள் இங்கே துவைத்த துணியை வெயிலில் போடுகிற பேச்சே கிடையாது. வீட்டுக்கார அம்மா தன் விறகடுப்புக்கு மேலே நாலு கயிறு கட்டி வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டுத் துணியோடு என் துணியும் அதில் தொங்கும். காலையில் அதைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை, அவர்கள் சட்டையிலும் அதே வாசம்தான். வந்த புதிதில் சென்ட் அடித்துப் பார்த்தேன். புகையும் சென்ட்டும் சேர்ந்து எனக்கே தலைவலி வந்ததால் விட்டுவிட்டேன்.

என் ஊர் பெருமாட்டி. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சிக் காற்று நேராக வந்து முகத்தில் அடிக்கிற இடம். அங்கே துணியைக் கயிற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருக்கும். தமிழ் வழிப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்து இந்தத் தேயிலை மலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. கேரளாவுக்குள்ளேயே இடம் மாறியதற்கு இத்தனை பெருமூச்சா என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். நான் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் குமுளியில் ஒரு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, கம்பம், தேனி, பழனி என்று பகல் முழுக்க ஓட்டி, மீனாட்சிபுரத்தில் இன்னொரு எல்லையைத் தாண்டி மறுபடி கேரளாவுக்குள் நுழைய வேண்டும். பேச்சும் வேறு. முதல் நாள் வகுப்பில் "உக்காருங்க கண்ணு" என்றேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் யார் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தன.

அம்மா போன வருஷம் இறந்துவிட்டார். நான் ஒற்றைப் பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி விளக்கம் எழுத எனக்குப் பொறுமையும் இல்லை. அம்மா போன பிறகு எழுபத்து மூன்று வயதில் அப்பா தோப்பு வீட்டில் தனியாக இருந்தார். ஐப்பசியில் ஒரு நாள் வாய்க்காலில் சறுக்கி விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். தேங்காய் போட வந்தவர் பார்த்துத் தூக்கிவிட்டார். எனக்கு அது மூன்று நாள் கழித்து, அதுவும் அந்த ஆள் வாயிலாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் பள்ளிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் ஊரை ஒட்டிய சித்தூர்ப் பக்கம் மாறுதல் கேட்டு நான் போட்ட மனு எங்கே தூங்குகிறதோ தெரியாது. ஆகவே அப்பா என்னோடு வந்து இருக்க வேண்டும், வேறு வழியில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் ஊருக்குப் போய், பத்து நாள் இருந்து பாருங்கள் என்று கெஞ்சி அழைத்து வந்தேன். அந்தப் பத்து நாளுக்குள் அவருக்கு இந்த ஊரைப் பிடிக்கவைத்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

அப்பா ஒரு மூட்டை கொப்பரையும் ஒரு கேன் தேங்காய் எண்ணெயும் இல்லாமல் காரில் ஏற மறுத்தார். இங்கே கடையில் எண்ணெய் கிடைக்காதா என்றால், "கடை எண்ணெயெல்லாம் ஒரு எண்ணெயா கண்ணு" என்றார். வந்த பிறகு அவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. தேயிலைச் செடியைப் பார்த்தார், இடுப்புக்கு மேலே வளராத செடியை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மழை நிற்கிறதா என்று பார்ப்பார். வாழ்நாள் முழுக்க விடியலில் எழுந்து தண்ணீர் திருப்பிய மனிதருக்கு, தானாகவே தண்ணீர் கொட்டுகிற ஊரில் என்ன வேலை கொடுப்பது?

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாக நல்ல வெயில். நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், அப்பா என் காரின் நாலு கதவையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அது நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். இடது முன் கண்ணாடி ஏறும்போது கீச்சென்று கத்தும், பாதியில் தயங்கும். வரும் வழியில் அதைக் கவனித்திருக்கிறார்.

"இப்ப அமுக்கிப் பாரு கண்ணு" என்றார்.

பொத்தானை அமுக்கினேன். கண்ணாடி சத்தமே இல்லாமல் இறங்கி, சத்தமே இல்லாமல் ஏறியது.

"என்னங்ப்பா பண்ணுனீங்க?"

"கொஞ்சம் எண்ணெ உட்டேன். அது ஒண்ணுக்கு மட்டும் என்னத்துக்குன்னு நாலு கதவுக்கும் உட்டுட்டேன்."

முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அம்மா போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. தென்னந்தோப்பில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் என்றால் ஒன்றுதான். மோட்டார் ரூம் பூட்டு, கேட்டுக் கீல், சைக்கிள் செயின், தலைமுடி எல்லாவற்றுக்கும் ஊரில் அதைத்தான் விடுவோம், எல்லாம் நன்றாகத்தான் ஓடும். இந்த மலையில் மார்கழிக் காலையில் தலைக்கு வைக்கிற எண்ணெயை நான் ஸ்பூனால் தோண்டித்தான் எடுக்கிறேன். அதற்கும் கார் கதவுக்கும் அன்றைக்கு என் புத்தியில் முடிச்சு விழவே இல்லை. அப்பா சிரிக்கிறார், இங்கேயே இருந்துவிடுவார் என்கிற சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி மாற்றக் குமுளிக்குக் கிளம்பினோம். விடிந்தும் விடியாத பனி, பல் கிடுகிடுக்கிற குளிர். ஆற்றுப் பாலத்தில் போகும்போது பெரியாற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறதென்று பார்க்க அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். முனகிக்கொண்டே இறங்கியது. திரும்ப ஏற்றினால் கதவுக்குள் கொர்ரென்று ஒரு சத்தம், பிறகு டக்கென்று ஒன்று, அப்புறம் எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்துக்கொண்டது. அப்பா கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. துண்டை அவிழ்த்துத் திரை போல விரித்துப் பிடித்துக்கொண்டார். ஒர்க்‌ஷாப் போய்ச் சேருவதற்குள் அவருடைய வலது கை, தோள், ஒரு பக்கத்துக் காது எல்லாம் நனைந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இல்லை, இடது கை; அந்தப் பக்கம்தான் ஜன்னல். இதை எழுதும்போதுகூட எனக்குப் பதற்றம் தீரவில்லை.

மெக்கானிக் முருகேசன் அண்ணனின் மகள் என் பள்ளியில் படித்தவள். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம், இவர் மூன்றாம் தலைமுறை. அப்பாவை உள்ளே உட்காரவைத்து, பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் காரிடம் வந்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவின் உள்பக்க அட்டையை இழுத்து எடுத்தார். கண்ணாடி ஏறி இறங்குகிற ரப்பர் காடியின் பள்ளம் முழுக்க வெள்ளையாக, தூசியும் சேர்ந்து, கெட்டித் தயிர் அப்பியது போல இருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தார்.

"ஏ, தேங்கா எண்ணெயில்லா இது! யாரு டீச்சர் இதுல கொண்டு ஊத்துனது?"

அப்பா சாயா டம்ளரைக் கீழே வைத்தது தெரிந்தது.

"நான்தான் அண்ணா" என்றேன்.

முருகேசன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சரா இது? காருக்குத் தலை சீவிப் பூ வைக்கலையா? ராத்திரிக் குளிருல உறைஞ்சு கெடக்கு பாருங்க. மோட்டாரு பாவம், இழுத்துப் பாத்துருக்கு. கம்பி உருளைய விட்டுக் கழண்டுபோச்சு."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அப்பா எழுந்து வந்து கதவருகில் நின்றார்.

"அவ இல்லீங்க. நானுதானுங்க உட்டது. நாலு கதவுக்கும் உட்டுட்டனுங்க."

முருகேசன் அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "சாரமில்லய்யா," என்றார், பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லாரும் சொல்கிற சொல். "எண்ணெ நல்ல எண்ணெதான். மணமே சொல்லுதே. எங்க ஊருக் குளிருதான் சரியில்ல. நான் சங்கரன்கோயிலுக்குப் போனா ரெண்டு நாளு தாங்க மாட்டேன் பாத்துக்கிடுங்க, வெக்கையில மூச்சு முட்டி ஓடியாந்துருவேன். அங்க உள்ளவுக என்னைய மலையாளத்தான்னு சொல்லுதாக. இங்க உள்ளவன் தமிழன்னு பாண்டிங்கான்."

அப்பா ஒரு பழந்துணியை வாங்கிக்கொண்டு மற்ற மூன்று கதவின் காடிகளையும் தானே துடைக்க உட்கார்ந்தார். முருகேசன் அண்ணன் கம்பியை உருளையில் மாட்டி, ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தார். ரப்பருக்கு எந்த எண்ணெயும் ஆகாது, இதுதான் சரி என்று அப்பாவிடம் மரியாதையாகச் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது கதவைத் துடைத்து முடித்தபோது அவர் விரல்கள் குளிரில் மடங்கவில்லை. நான் துணியை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

குமுளிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் பேசினார்.

"கண்ணு, நானு ஊருக்குப் போயர்றேன்."

"ஒரு கண்ணாடிக்காகவாங்ப்பா? இது யாருக்குங்ப்பா தெரியும்? எனக்கே தோணலயே."

"கண்ணாடிக்கில்ல. கேட்டதும் நீ நான்தான்னு சொன்ன பாரு."

எனக்குப் புரியவில்லை. உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதென்றுதானே சொன்னேன் என்றேன்.

"தெரியுது. பொறந்ததுல இருந்து என்ற தப்ப நானேதான் ஒத்துட்டு இருக்கறேன். இப்ப அதுவும் எனக்கு இல்லீன்னா, அப்பறம் நானு எதுக்கு? உன்ற ஊட்டுல நானு கொழந்தையாட்ட இருக்க முடியாது சாமி."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தன்மையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேல் தொங்கிய அவருடைய வேட்டிகளை எடுத்து மடித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இறங்கினோம். கம்பம் வந்ததும் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, தானே பொத்தானை அமுக்கிக் கண்ணாடியை இறக்கினார். பழனி தாண்டியபோது வாய் திறந்து தூங்கினார். பெருமாட்டியில் அவரை விட்டு, பக்கத்துத் தோப்பு அக்காவிடம் தினம் ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, மறுநாள் தனியாக ஏறி வந்தேன். வெளியூரில் வேலை பார்க்கிற பலரும் இப்படி ஒரு பயணம் போய் வந்திருப்பீர்கள். திரும்பும்போது பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும்.

மாசியில் ஒரு சாயங்காலம், இங்கே கோடை மழை முன்கூட்டியே வந்துவிட்ட ஒரு நாளில், அப்பாவே போன் செய்தார். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

"கண்ணு, இன்னிக்கும் வாய்க்கால்ல உளுந்துட்டேன். உனக்குச் சொல்லோணும்னு தோணுச்சு."

"அடி பட்டுதுங்களா?"

"முட்டில செராய்ப்பு. நானேதான் பாக்காம கால வெச்சேன். நானே எந்திரிச்சும் வந்துட்டேன்."

இங்கேயே இருந்திருக்கலாமே, நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்றெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "சரிங்ப்பா. பாத்து நடங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ம். இரு, மோட்டார் ஓடிட்டு இருக்குது. நிறுத்திப்போட்டு வாறேன்" என்று போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். அங்கே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் ஒரு காதில் கேட்டது. இன்னொரு காதில் என் தகரக் கூரை மேல் மழை. சிறிது நேரத்தில் மோட்டார் நின்றது. அப்பா இன்னும் வரவில்லை. நான் மழைப் பக்கத்துக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, பெருமாட்டி மண்ணில் அவர் செருப்புச் சத்தம் திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.