மாதா விளக்கும் முதல் வெள்ளிப் பற்றறியும்

மடு மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் அப்பா வான் வண்டியைச் சும்மா பூட்டிவிட மாட்டார். பற்றறி முனைகளைச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைப்பார். உள்ளே தண்ணீர் மட்டம் பார்ப்பார். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகற்றிவ் வயரைக் கழற்றி, ஒரு பழைய கால் சொக்சுக்குள் விட்டுக் கட்டுவார். தேத்தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

அப்பாவின் பெயர் இன்னாசித்தம்பி. குருநகரில் முப்பது வருடம் மீன் வான் ஓட்டினார். ஓய்ந்தபின் அதே வானுக்குள் இரண்டு கட்டில், காற்றாடி, அடுப்பு எல்லாம் பொருத்தினார். வருடத்தில் இரண்டு மூன்று யாத்திரை. மிச்ச நாளெல்லாம் வான் முற்றத்தில் நிற்கும்.

"இதுக்குள்ளை படுத்தா கனவிலையும் சூடைமீன்தான் வருது அங்கிள்," என்பான் பக்கத்து வீட்டு றோய்.

"அப்ப கறிச் செலவு மிச்சம். படுடா."

சும்மா நிற்கும் பற்றறியும் தானாக இறங்கும். மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும். நாள் மறக்காமலிருக்க அப்பா மாதத்தின் முதல் வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். பூசை முடிந்து வந்து, கோயிலுக்குப் போட்ட நல்ல சேட்டோடேயே சார்ஜரைக் கொழுவுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மாதம் முதல் வெள்ளியில் தொடர்ந்து பற்றறி இறங்கிக் கிடந்தது. வயர் சொக்சுக்குள்தான் இருந்தது. நான் மின்பொறியியல் படித்தவள், வேலை கொழும்பில். அப்பா போனில் கேட்டார். பழசாகியிருக்கும் என்றேன்.

"வாங்கி ஒரு வருசம்தான் பிள்ளை. உன்னைப் படிப்பிச்ச ஆக்களைக் கண்டா சொல்லு."

லீவில் ஒரு வியாழன் பொழுதுபட வீட்டுக்கு வந்தேன். பூட்டிய வானுக்குள் நீல வெளிச்சம். டாஷ்போர்ட்டில் மாதா சுருவம், கையளவுச் சிலை. அதைச் சுற்றிச் சின்ன விளக்குகள். சொக்சுக்குள் இருக்கவேண்டிய வயர் பற்றறியில் கையால் முறுக்கியபடி இருந்தது.

"நாந்தான் கொழுவினனான்," என்றார் அம்மா. "மாதாவை இருட்டிலை விடலாமோ? வெள்ளி விடியக் கழட்டி வைப்பன். அவருக்குத் தெரியாது."

விளக்குகள் இழுப்பது அறுபது மில்லி அம்பியர். முப்பது நாளில் நாற்பத்துமூன்று அம்பியர் மணி. பற்றறியில் இருப்பதே எழுபது. அப்பாவிடம் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"கத்தரீனா, மாதாவுக்கு வெளிச்சம் குடுத்து, மாதாட்டைப் போற வானைக் கொல்லப் பாத்திருக்கிறாய்."

"நீங்கள் ஒருக்கா இருட்டிலை தனிய நிண்டு பாருங்கோ, தெரியும்."

அப்பா பம்பரில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு என்னிடம், "விளக்குக்கு மட்டும் ஒரு சின்ன சோலர் செய்து தா பிள்ளை," என்றார். ஓம் என்றேன். அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளினேன்.

இந்தச் சித்திரையில் அப்பா போனார். நெஞ்சுவலி. இருபது நிமிடம்.

மடுவின் ஆடித் திருவிழாவுக்கு வான் அசையவில்லை. ஆவணித் திருவிழாவுக்குப் போவோம் என்றார் அம்மா. "அவரின்ரை வானிலை, அவர் விட்ட பற்றறியோடை. பஸ்ஸெண்டா நான் வரேல்லை."

நான் கணக்குப் போட்டேன். அம்மா விளக்கை எரியவிட்டு, சார்ஜ் ஏற்ற ஆளும் இல்லாவிட்டால், நாற்பத்தெட்டு நாளில் பற்றறி வெறும். வெறுமையாகவே இரண்டு மாதம் கிடந்த ஈயப் பற்றறி பெரும்பாலும் திரும்பாது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி யாழ்ப்பாணம் வந்தேன்.

வானின் பொனெற்றைத் திறந்தேன். வயர் சொக்சுக்குள். மீற்றரை வைத்தேன். 12.7. முழுச் சார்ஜ். நம்பாமல் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 12.7.

"என்ன, செத்துப்போச்சோ?" அம்மா பின்னால் நின்றார்.

"ஆர் சார்ஜ் போட்டது?"

"நாந்தான். நாலு முதல் வெள்ளியும், பூசையாலை வந்து. சிவப்புக்குச் சிவப்பு. எத்தினை வருசம் பாத்தனான்."

"மாதா?"

"வீட்டுக்குள்ளை, என்ரை கட்டிலடியிலை. அவவும் தனிய, நானும் தனிய."

வயரைப் பற்றறி முனையில் கையால் முறுக்கிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வான் ஸ்ராட் ஆனது. றோய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அன்ரி, மீன் மணம் போயிட்டுதோ?"

"இல்லையடா. ஏறு."

நான் பையிலிருந்து சோலரை எடுத்தேன். கையகலத் தகடு. கடைசியில் செய்து முடித்திருந்தேன். அம்மா புரட்டிப் பார்த்தார்.

"நல்லாச் செய்திருக்கிறாய். ஆனா இதைப் பூட்டினா மாதா வானிலையே நிண்டிடுவா. பிறகு வீட்டிலை என்னோடை ஆர்?"

தகட்டை அப்பாவின் சொக்சுக்குள் போட்டு முடிச்சிட்டார். பிறகு ஸ்பனரை எடுத்து, வயரை இறுக்கத் தொடங்கினார்.