யோகம் ரீச்சர் கையெழுத்து வைத்த கொப்பி

செய்தி வந்தபோது முற்றத்தில் நின்றவர்கள்: நான், என் மகள் செல்வராணி, மருமகன் துரைராசா, பேத்தி கௌரி, தண்ணீர் அள்ள வந்திருந்த பக்கத்து வீட்டுப் புஷ்பம். கொண்டுவந்தவர் எங்கள் பாடசாலை எழுதுவினைஞர் சபாரத்தினம். சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, "யோகம் ரீச்சர் மோசம் போட்டா. காய்ச்சல். மருந்து கிடைக்கேல்லை" என்றார்.

புஷ்பம் வாளியை வைத்துவிட்டு அழுதாள். என் மகள் அழவில்லை. "அந்த மனிசியின்ரை செத்தவீட்டுக்கு நான் வரேல்லை. நீங்கள் போங்கோ அம்மா" என்றாள். மூன்று வருடமாக அவள் ரீச்சருடன் கதைத்ததில்லை. அதற்குக் காரணம் யார் என்று அந்த முற்றத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவர் வீட்டார் கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன எழுத்து என்று முதலில் மறுத்தேன். பிறகு, நான் எழுதாவிட்டால் இதை ஒருவரும் எழுதப்போவதில்லை என்று பட்டது.

ரீச்சரை அறிந்தவர்களுக்கு அவருடைய வேலை தெரியும். ஆசிரிய ஆலோசகர். பாடசாலை பாடசாலையாகச் சைக்கிளில் போய், பின்வரிசை வாங்கில் இருந்து ஆசிரியர்கள் படிப்பிப்பதைப் பார்த்து, அவர்களைத் திருத்தி எடுப்பவர். காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த எங்கள் பாடசாலை, கொக்குவிலில் இன்னொரு பாடசாலைக் கட்டடத்தில் பின்னேரங்களில் நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே கூட்டித் துடைத்து மணி அடித்தவள். என் மகள் இரண்டாம் வகுப்பில், நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை.

ரீச்சர் வந்த முதல் நாள், பிழை பிடிக்க வந்தவர் என்று நினைத்து, கடித்துக் குடிக்கப் பனங்கட்டி வைக்காமல் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"பொன்னம்மாக்கா, பனங்கட்டி முடிஞ்சுதோ, இல்லாட்டிக் கோவமோ?"

"இரண்டும்தான்."

சிரித்துக்கொண்டே குடித்தார். "உங்கடை மகள் பலகையிலை எழுதேக்கை முதுகுக்குப் பின்னாலை நடக்கிறது அவவுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் நான் வாறனான்."

வகுப்பு முடிந்ததும் மகளிடம் ஒரே ஒரு கேள்வி: "சன்னல் பக்கத்துப் பெட்டைப் பிள்ளை இண்டைக்கு வாய் திறந்தவளோ?" ரீச்சர் பதிலைச் சொல்லவில்லை. அவளே யோசித்து முடிக்கட்டும் என்று இருந்தார். பிழையைத் தன் வாயால் சொல்லவே மாட்டார். எனக்கு அது பெரிய எரிச்சல்.

ஒரு நாள், "இண்டைக்கு நான் படிப்பிக்கிறன். நீ பின்னுக்கு இருந்து என்ரை பிழையளை எழுது" என்றார். கழித்தல் கணக்கு. பிள்ளைகள் சந்தை போல இரைந்தார்கள். மகள் பயந்து பயந்து தன் கொப்பியில் எழுதினாள்: வகுப்பு அடங்கவில்லை, விளக்கம் வேகம், பின்வரிசையைக் கவனிக்கவில்லை. ரீச்சர் வாசித்துவிட்டு, "இவ்வளவுதானோ? இன்னும் இரண்டை விட்டிட்டாய்" என்று அவற்றையும் தானே எழுதி, கீழே கையெழுத்து வைத்தார். அன்று மகள் வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பு! அதற்குப் பிறகுதான் அவள் வகுப்பில் நிமிர்ந்து நின்றாள்.

நியமனத்துக்குப் பெயர் அனுப்பும் காலம் வந்தது. எங்கள் பாடசாலை அதிபரின் பெயரை எழுதி இந்த மலரைப் பழுதாக்க மாட்டேன். அவர் ரீச்சரிடம் மகளைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டார். "அது எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள கதை. தேவையெண்டால் வகுப்பிலை வந்து இருந்து பாருங்கோ ஐயா" என்றார் ரீச்சர். நான் வாசலில் நின்று கேட்டேன்.

அடுத்த கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். "பொன்னம்மா, மகளின்ரை கொப்பியை ஒருக்கால் கொண்டு வாங்கோ. நல்லதாய் நாலு வரி எழுதி அனுப்புவம்." மகள் வகுப்பில் நின்றாள். கொப்பி ஆசிரியர் அறை அலுமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளை எவ்வளவு எழுதியிருக்கிறாள், பார்க்கட்டும் என்ற பெருமை வேறு.

பிழைகளின் பட்டியல், கீழே ஆலோசகரின் கையெழுத்து. பட்டியலை எழுதியது யார், யாருடைய பிழைகள் என்று அந்த மனிதன் பார்க்கவில்லை. 'ஆலோசகரின் குறிப்பின்படி வகுப்பை அடக்கத் தெரியாதவர்' என்று எழுதி அனுப்பிவிட்டார். ரீச்சர் கல்விக் கந்தோர் அதிகாரிகளிடம் போய், "அது என்ரை பிழையள்" என்று சண்டை பிடித்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் மகள் இன்றும் தொண்டர் ஆசிரியைதான்.

கொப்பியை வாசிக்க வாங்கிப் போகும் பழக்கம் ரீச்சருக்கு இருந்தது. அதனால் அவரே கொடுத்துவிட்டார் என்று மகள் முடிவு கட்டினாள். "தன்ரை பிழையளை என்ரை தலையிலை கட்டிப்போட்டா" என்றாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

ரீச்சர் மீண்டும் வந்தார். மகள் முகம் கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் நின்றார்.

"பொன்னம்மாக்கா, கொப்பி எப்பிடி அதிபரிட்டைப் போனது?"

"எனக்குத் தெரியாது."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். "சரி. தெரிய வரேக்கை பிள்ளைக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

பிறகு கோயிலில் கண்டோம், சந்தையில் கண்டோம். சிரிப்பார். கேட்கமாட்டார்.

செல்வராணி, கொப்பியைக் கொடுத்தது நான். நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி. அதிபரை நித்தமும் திட்டுகிறேன், ஒரு நாளைக்கு எனக்கே அலுத்துவிடும். ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. இப்போது பதிலை வாங்க அவர் இல்லை. ஒவ்வொரு ஆசிரியரிடமும் பத்துத் தரம் திரும்பிப் போனவர், என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டார். இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். யோகம் ரீச்சர்.