மூக்குக்கு வந்த நங்கூர இரும்பு

தண்டையார்பேட்டையில் கிளைடர் செய்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இன்ஜின் இல்லாத விமானம் ஐயா அது. கயிறு கட்டி ஜீப்பால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால், காற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து இறங்கும். யுத்தத்தில் விமானம் ரிப்பேர் பார்த்த எங்கள் முதலாளி, துறைமுகத்துக்கு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து ஆரம்பித்தார். மரவேலைக்கு ராயபுரத்தில் படகு கட்டும் ஆசாரிகள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட தையல்காரன். இறக்கைக்கும் வாலுக்கும் துணி போர்த்தித் தைத்து, அது விறைத்து நிற்க வார்னிஷ் அடிப்பேன்.

பயப்படுவதும் நான்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜென்மம். கொட்டகையிலும் அப்படித்தான். கிளம்பும்போது கிளைடரின் வாலை ஒரு தரம் கையால் தூக்கிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் கிளைடர் முடிந்தது. முதலாளியே ஓட்டுவதாக ஏற்பாடு. ஆள் ஒல்லி, முன்னால் உட்காரும் அவர் கனம் மூக்குக்குப் போதாது. வால் கனமாகிவிட்டால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், அப்புறம் பறப்பது எங்கே, விழுவதுதான். அதனால் தராசில் வைத்து, மூக்கில் ஈயக்கட்டி சேர்த்துச் சரிசெய்தார். அதற்குப் பிறகுதான் வாலில் விட்டிருந்த திறப்பைத் துணி போட்டு மூடினேன்.

பறப்பதற்கு முந்தின சாயங்காலம் வாலைத் தூக்கினேன். கை சொன்னது, ஏதோ சரியில்லை.

"நைனா, வாலு கனமா கீது" என்றேன் பெரிய ஆசாரியிடம்.

"உன் மன்சுதான்பா கனமா கீது. வூட்டுக்குப் போ, டைலரு."

"நாளைக்கு இவன் வாலைப் புடிச்சிகினே கூடப் பறப்பான், பாரு!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்காமல் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் போனேன். "ஐயா, இன்னொரு தபா தராசுல வெச்சிப் பார்த்துடலாமா?"

"காலைல பறக்குறதைப் பார்க்க ஃபிளையிங் கிளப்காரங்க வராங்கப்பா." என் மூஞ்சியைப் பார்த்தார். "சரி, வை. இல்லேன்னா என்னையும் பயமுறுத்தியே கொன்னுடுவே."

வைத்தோம். வால் இறங்கியது.

"உள்ள இன்னா கீது?" என்று கேட்டேன்.

பெரிய ஆசாரி முதலாளியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "புதுப் படகுன்னா பின்பக்கத்துல காவலா ஒரு முடிச்சு வெப்போம் ஐயா. தண்ணி தொடுற வரைக்கும் வாயால சொல்லக் கூடாது. இதுல கீறது எங்க அப்பன் படகு நங்கூரத்துல ஒடைஞ்ச துண்டு. ஒரு நாளும் கரைக்குத் திரும்பாம இருந்ததில்ல, அந்தப் படகு. நீங்க திரும்பி வரணுமேன்னுதான்..."

என் தையலை நானே பிரித்தேன். மஞ்சள் துணி முடிச்சில் நவதானியம், நடுவில் நல்ல கனமான இரும்பு.

முதலாளி அதைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். கையில் வைத்துக் கனம் பார்த்தார். "பின்னால இருந்தா நான் செத்தேன். முன்னால எனக்குக் கனம் வேணுமே!" மூக்கிலிருந்து அந்த அளவுக்கு ஈயத்தை எடுத்துவிட்டு முடிச்சை அங்கே வைத்துக் கட்டச் சொன்னார். கட்டியது பெரியவர். வாலை மறுபடி மூடியது நான். தராசு நேராக நின்றது.

காலையில் மீஞ்சூர் பக்கம், யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுபாதையில் ஜீப் இழுத்தது. கயிற்றைக் கழற்றிவிட்டதும் சத்தமே இல்லை. நான் தைத்த துணி வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு வட்டம் அடித்து எங்கள் முன்னாலேயே வந்து இறங்கினார். பெரியவர் என் தோளைப் பிடித்து, "வந்துட்டாரு டைலரு" என்றார்.

அப்புறம் வரிசையாகச் செய்தோம். ஒன்றுக்குச் சின்ன இன்ஜினும் வைத்தோம். இன்ஜினே மூக்குக்குப் போதுமான கனம், ஈயம் தேவைப்படவில்லை. ஆனாலும் பெரியவர் ஒரு முடிச்சோடு வந்தார். இந்தத் தடவை மறைக்கவில்லை. நேராகத் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க வெக்கலாம், சொல்லு" என்றார்.

மூக்குப் பக்கமும் வால் பக்கமும் சாயாத நடு இடமாக, சீட்டுக்கு அடியில் வைத்தோம்.