லொரெட்டா மூடிய தடம்

லொரெட்டா சவ்வா எங்கள் பனிவண்டிச் சங்கத்தின் விடுதியைப் பத்தொன்பது குளிர்காலம் நடத்தினாள். சங்கத்தின் தலைவி அவள்தான், சமையல்காரியும் அவள்தான். தண்ணீர்க் குழாய் உறைந்துபோனால் தரைக்கடியில் தவழ்ந்துபோய்ச் சூடு காட்டி உருக்குபவளும் அவள்தான். என் பெயர் ஆல்சீட். பெரிய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டுபோய்ப் பனித் தடங்களை மட்டம் தட்டுவது என் வேலை. விடிந்ததும் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், கேட்காமலே பட்டாணி சூப் வரும். கூடவே வசவும் வரும்.

"ரெண்டாவது மேட்டுல அலை அலையா விட்டுட்டு வந்திருக்கே. வண்டி ஓட்டினியா, ஏர் உழுதியா?"

விடுதி ஆற்றங்கரையில் இருக்கிறது. இந்தப் பக்கம் நியூ பிரன்ஸ்விக் மாகாணம், அந்தப் பக்கம் கியூபெக் மாகாணம். ஜனவரியில் ஆறு ஒரு முழ ஆழத்துக்கு உறைந்துவிடும். அதன் மேல் வழி தெரிவதற்காக வரிசையாகத் தேவதாருக் கன்றுகளை நட்டு அக்கரைக்குத் தடம் போடுவோம். அக்கரையில் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே பச்சைக் கூரை போட்ட வீடு லொரெட்டாவின் அண்ணன் யூக்லீட்டுடையது. சனிக்கிழமை தவறாமல் அவர் பனிவண்டியில் வந்து அடுப்போரம் உட்கார்ந்துவிடுவார். வெளியூர்க்காரர்களுக்கு, தான் ஒரே நாளில் மூன்று கடமான் சுட்ட கதையைச் சொல்வார். வாராவாரம் ஒரு கடமான் கூடும்.

கொரோனா வந்த பிறகு தொடங்கிய முதல் முழுக் குளிர்காலத்தில், முதலில் பன்னிரண்டு மேசை நான்காயிற்று. ஜனவரியில் உள்ளே யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சமையலறை ஜன்னல் வழியாகக் காகிதக் கோப்பையில் சூப் கொடுத்தாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. பாதி குடிப்பதற்குள் சூப் ஆறிச் சில்லிட்டுப்போகும். ஒருநாள் ஒருவன் ஜன்னல் கட்டையை ஓங்கித் தட்டினான்.

"உள்ள அடுப்பு எரியுது. நான் வெளிய நின்னு சாகணுமா?"

"கால் விரல் மரத்துப்போச்சுன்னா சொல்லு, இப்பவே கதவத் திறக்கறேன். சும்மா குளிருதுன்னா உன் இஞ்சின் பக்கத்துல போய் நில்லு."

அவன் போனதும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "உள்ள வாங்க, உள்ள வாங்கன்னே பழகின வாய் இது, ஆல்சீட்."

மாகாண எல்லையையும் மூடினார்கள். பாலத்தில் காவல் போட்டார்கள். ஆற்றுத் தடத்தை நாங்களே மூட வேண்டியதாயிற்று. நான் கன்றுகளைப் பிடுங்கினேன். தடம் மூடியிருக்கிறது என்று கரையில் பலகை அடித்தது லொரெட்டா. கடைசி ஆணி இறங்கும்போதே அவளுடைய போன் அடித்தது.

"பைனாகுலர்ல பாத்துட்டுதான் இருக்கேன்," என்றார் யூக்லீட். "இடது பக்கம் சரியுது. அப்பாகிட்ட ஒண்ணுமே கத்துக்கலியா நீ?"

"வந்து நீயே அடிச்சுக்கோ."

"வரக் கூடாதுன்னுதானே பலகையே அடிக்கறே!"

இருவரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று அப்போது நம்பினோம்.

அந்த மாதக் கடைசியில் மிரெய் என்ற பெண் முதுகில் பையோடு பனிவண்டியில் வந்தாள். அக்கரையில் தனியாக இருக்கும் அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டிருந்தாள். லொரெட்டா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாலத்துக்குப் போம்மா. அனுமதி கேளு."

"எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. இதோ, பத்து நிமிஷ தூரம்!"

"தெரியும். உன்னை விட்டா நாளைக்கு இருபது பேர் நிப்பாங்க. எல்லாத் தடத்தையும் மூடிடுவாங்க."

"உங்க அம்மாவா இருந்தா போகமாட்டீங்களா?"

லொரெட்டா வண்டிக்கு முன்னாலிருந்து நகரவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே வண்டியைத் திருப்பினாள். அன்றைக்கு அடுப்பிலிருந்த பீன்ஸ் அடிப்பிடித்துக் கருகியது. அவள் கையில் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் யூக்லீட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. சில வாரங்கள்தான் என்றார்கள். அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். லொரெட்டா அனுமதிக்கு விண்ணப்பித்தாள். அது வரும்வரைக்கும் தினமும் நண்பகலில் ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கி நின்று இரண்டு கையையும் ஆட்டுவாள். அவர் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். "யாரோ காக்கா ஓட்டறாங்கன்னு நெனச்சேன்," என்பார் போனில். வரவர அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்தது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நாளைக்குக் காலைல தடம் தட்டப் போற சாக்குல நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவளுக்கு யாரு சொல்லப்போறா?"

"எனக்குத் தெரியுமே, ஆல்சீட்."

மறுநாளும் கேட்டேன். பக்கத்திலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அனுமதி வருவதற்குள், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அண்ணி யூகெட் போனில் கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பதினாலு பேர் வரிசையில் நின்றார்கள். லொரெட்டா போனை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். பதினாலு பேருக்கும் சூப் ஊற்றிக் கொடுத்தாள். ஒருவன் உப்பு கேட்டான், எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த காலிக் கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனேன். கிட்டே வராதே என்று கையைக் காட்டினாள். இரண்டு மீட்டர் தள்ளி நானும் உட்கார்ந்தேன். அந்த விதியை அந்த நேரத்திலும் நாங்கள் இருவரும் மீறவில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் குளிர்காலத்தில் மண் உறைந்துகிடக்கும், குழி வெட்ட முடியாது. அந்த வருஷம் எல்லை திறந்த பிறகு, ஜூலையில்தான் அடக்கம் நடந்தது. நான்தான் லொரெட்டாவைப் பாலம் வழியாகக் கூட்டிப்போனேன். கல்லறையில் எல்லாரும் கலைந்த பிறகு யூகெட் அவளிடம் வந்தாள்.

"கடைசி வாரம் அவருக்குக் கண்ணு தெரியல. 'லொரெட்டா வந்திருக்கா, கையாட்டறா'ன்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன். அவரும் கையத் தூக்கப் பாப்பாரு." ஆற்றுப் பக்கம் பார்த்தாள். "ஐஸ் கெட்டியாத்தானே இருந்தது, லொரெட்டா?"

"ஆமா," என்றாள் லொரெட்டா.

யூகெட் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு லொரெட்டா அனுப்பிய, இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம், டப்பாகூடத் திறக்கப்படாமல் திரும்பி வந்தது.

கட்டுப்பாடெல்லாம் நீங்கிய பிறகு ஒரே ஒரு குளிர்காலம் விடுதியை நடத்தினாள். மேசைகள் நிறைந்தன, சனிக்கிழமைக் கூட்டம் திரும்பியது. வசவு மட்டும் திரும்பவில்லை. நான் எப்படித் தடம் போட்டாலும் பேசாமல் சூப்பை வைத்துவிட்டுப் போனாள். வசந்தத்தில் நடந்த பொதுக்குழுவில் முழங்கால் வலி என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். யாரும் துருவிக் கேட்கவில்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்: இன்னொரு தடவை அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வாய் என்று.

கத்தி நின்றது. "காலைல எழுந்தா, போயிருக்கணும்னு தோணுது. சாப்பிட உக்காரும்போது, நான் செஞ்சதுதான் சரின்னு தோணுது," என்றாள். "படுக்கும்போது ரெண்டுமே தோணறதில்ல. அவன் முகம்தான் வருது."

பிறகு எனக்கும் ஒரு கத்தியைக் கொடுத்தாள். மீதிக் கிழங்கை இருவரும் சேர்ந்து சீவினோம்.