தலைவரம்மா கொடுத்த மிட்டாய்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இன்று பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை பட்டதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடத்தின் முற்றம் கண்முன் வந்தது. ஈரச் செம்மண்ணும், காற்றில் படபடக்கும் காகிதத் தோரணமும், வரிசையில் கால் மாற்றி நின்ற நாங்களும். அம்மா அப்போது பேரூராட்சித் தலைவர். கூலிக்குக் களை எடுக்கப் போன காலத்தைப் போலவே, தலைவரான பிறகும் விடியலில் எழுந்து, துப்புரவு ஆட்களோடு சாக்கடை ஓரமெல்லாம் பவுடர் தூவுவார். கொடியேற்ற வந்த அன்றும் அப்படியே வந்தார், சேலைக் கரையெல்லாம் வெள்ளையாக.

அரியலூரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்தவள் மூக்கைப் பொத்தினாள். "என்னாடி இது, தலைவரம்மா சாக்கடையிலேர்ந்து எந்திரிச்சு வந்தாப்ல இருக்கு! ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாதுடி," என்றேன்.

அதற்குள் அம்மா மிட்டாய்த் தட்டோடு எங்கள் பக்கத்தில் வந்திருந்தார். அவளுக்கு ஒன்று கொடுத்தார். என் கையிலும் ஒன்றை வைத்து, சிரித்த முகமாகவே கேட்டார்.

"ஒம் பேரு என்னா கண்ணு?"

அம்மா எனக்கு வைத்த பெயரை அம்மாவிடமே சொன்னேன்.