தங்கச்சியின் சிறுநீரகமும் என் சொந்த ஆராய்ச்சியும்

செருப்பைக் கழற்றி ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகும் வாரின் தடம் காலில் அப்படியே இருந்தது. அமுக்கினால் விரல் புதைந்தது. களுவாஞ்சிக்குடி வெயிலுக்குக் கால் வீங்காதா என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். இரண்டு நாளில் சிறுநீர் குறைந்தது. அடிவயிற்றின் வலப்பக்கம், தங்கச்சி சுபத்திரா தந்த சிறுநீரகத்தை வைத்துத் தைத்த இடம், தொட்டால் நொந்தது.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். வீரக்கதை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே எழும்பிப் போகலாம். இது ஒரு படித்த மடையனின் கதை.

எங்கள் பகுதியில் குடி (குலப்பிரிவு) தாய்வழியாக வருவது. கலியாணப் பேச்சில் முதலில் விசாரிப்பதே அதைத்தான். சுபத்திராவும் நானும் ஒரு தாய் பிள்ளைகள், ஒரே குடி. ஆகவே என் உடம்பு அவளுடைய சிறுநீரகத்தை அந்நியமாக நினைக்காது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகள் (மாத்திரைகள்) இவ்வளவு தேவையில்லை என்று முடிவு கட்டினேன். நாலு புத்தகம் வாசித்தவனுக்கு ஐந்தாவதைத் திறக்க முன்னமே ஞானம் வந்துவிடுகிறது.

உண்மைக் காரணம் வேறு. குளிசைகளால் என் முகம் பூசணிக்காய் போல உருண்டது, கை நடுங்கியது. வேலை செய்யும் கந்தோரில் நான் கையெழுத்துப் போடும்போது மற்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வது பொறுக்கவில்லை. எந்தக் குளிசை எதைச் செய்கிறது என்றும் தெரியாமல், ஆறு கிழமையாகப் பின்நேரக் குளிசைகளை விழுங்குவதுபோல் பாவனை செய்து, வேலிக்கு அப்பால் எறிந்தேன். குடி ஆராய்ச்சி அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார். என்னைவிட இருபது வயது இளைய பெண்.

“குளிசை ஒழுங்காப் போடுறீங்களா ஐயா?”

“ஓம் டொக்டர்.”

பக்கத்தில் இருந்த மனைவி மலர் விடவில்லை. “நான்தானே தண்ணி எடுத்துக் குடுக்கிறன். ஒரு நேரமும் தப்பாது டொக்டர்.”

என் பொய்க்கு அவள் சாட்சி சொன்னாள், பொய்யென்று அறியாமலே.

இரத்தத்தில் மருந்தின் அளவு மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. பயொப்சியில் (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) நிராகரிப்பு என்று உறுதியானது. மலர் மருந்தெடுக்கப் போன நேரத்தில் டொக்டர் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே வந்தார்.

“எத்தின நாளா விட்டீங்க?”

சொன்னேன். ஆராய்ச்சியையும் சேர்த்தே சொன்னேன்.

“நல்ல ஆராய்ச்சி. ஆனா அப்பாவ எங்க ஐயா விட்டீங்க?” என்றார். “ஒடம்பில ஒவ்வொரு கலத்துக்கும் மேல இரிக்கிற அடையாளத்தில பாதி அம்மாட, பாதி அப்பாட. ஒங்களுக்கும் தங்கச்சிக்கும் பாதிதான் பொருந்தினது.”

பிறகு பொறுமையாக விளக்கினார். ரீ கலங்கள் (T செல்கள், இரத்தத்தில் உலாவும் காவல் அணுக்கள்) மற்றக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளைத் தடவி அடையாளம் பார்க்கின்றன. அந்நியம் என்று தெரிந்தாலும் உடனே பாய்வதில்லை. அந்த அடையாளத்தைக் காட்டும் கலம் இன்னொரு மூலக்கூறையும் நீட்ட, ரீ கலத்தின் மேலுள்ள இணை மூலக்கூறு அதைப் பற்ற வேண்டும். இரண்டாவது தொடுகை கிடைக்காவிட்டால் ரீ கலம் சோர்ந்து அடங்கிவிடும். இரண்டும் கிடைத்தால் விழித்து, பெருகி, தாக்கும். தொடுகையால் உள்ளே போகும் சேதியை ஒரு குளிசை மறிக்கிறது. பெருகுவதை இன்னொன்று தடுக்கிறது.

“ரெண்டையும்தான் நீங்க வேலியால எறிஞ்சது.”

ஒரு கலம்கூட இரண்டு தரம் உறுதிப்படுத்திய பிறகே முடிவெடுக்கிறது. நான் கண்ணாடியை ஒரு தரம் பார்த்து முடிவெடுத்தவன்.

மூன்று நாள் நாளம் வழியாக ஸ்டீரொய்ட் (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். இரண்டாம் நாள் கொக்கட்டிச்சோலையிலிருந்து சுபத்திரா வந்தாள். வட்டையில் (வயலில்) அறுவடை, அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். மலரும் இருந்தாள். சுபத்திரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணன், நான் தந்ததில ஏதும் பழுதோ?”

“என்ன கதை இது?”

“தர முந்தி எனக்குக் காய்ச்சல் வந்தது. சொன்னா வேணாம் எண்டிருவாங்க எண்டு டொக்டர்மாருக்கு மறைச்சிட்டன். அதுதானோ எண்டு ரெண்டு நாளா நித்திரை இல்ல.”

தலையாட்டியிருந்தால் போதும். பழி அவளோடு வட்டைக்குப் போயிருக்கும். ஒரு மூச்சுக்கு அப்படி நினைத்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

“உன்ட கிட்னி தங்கம், தங்கச்சி. நான்தான் குளிசைய எறிஞ்சன்.”

“எறிஞ்சதோ? ஏன்?”

“மூஞ்சி வீங்கினது எண்டு.”

மலர் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். சுபத்திரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என்ட கிட்னில பழுதில்ல?”

“இல்ல.”

அவள் பெரிதாக மூச்சுவிட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்; அதற்கு ஆயத்தமாகவும் இருந்தேன். அந்த ஆறுதலுக்கு என்னிடம் ஆயத்தம் இருக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினாள். “இந்த மூஞ்சிக்காகவா அண்ணன்? இது முந்தியும் பெரிசா ஒண்டும் இல்லயே.”

சிறுநீரகம் தப்பியது, முழுதாக அல்ல. இழந்த பங்கு திரும்பாது என்றார் டொக்டர். என் நாள் இப்போது குளிசைக்குக் குளிசை பன்னிரண்டு மணித்தியாலத் துண்டுகளாகப் போகிறது. மலர் தண்ணீர் தருகிறாள். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். காட்டுகிறேன். தாகம் எடுத்தால் எனக்கா, சிறுநீரகத்துக்கா என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.

ஒவ்வொரு கிளினிக் நாளும் சுபத்திரா தொலைபேசியில் கேட்பது, “அது எப்பிடி இரிக்கு?” என்றுதான். என்னைப் பற்றி அதற்குப் பிறகே விசாரிப்பாள். நான் கிரியேற்றினின் அளவை, புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் விடாமல், வாசித்துக் காட்டுகிறேன்.