பட்டுப் பாவு நோக்கி ஓடிய கார்

ஆரணியில் ரேடியோ கடையில் வேலை செய்தபோது, பாகங்களை ஒட்டிச் செய்து அலமாரியில் அழகுக்கு வைக்கும் பொம்மைப் பந்தயக் கார் ஒன்று கிடைத்தது. அதில் டேப் ரெக்கார்டர் மோட்டாரும் கூரான தகர மூக்கும் பொருத்தித் தெருவில் விட்டேன்.

சீறிப் போனது. எதிரே கல்யாணப் புடவைக்கான பட்டுப் பாவு, தறியில் ஏற்றும் முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய இழைகள். அதன் முனை தரையோரம் முளையில் கட்டியிருந்தது. தகரம் பட்டால் இழைகள் அறுந்துவிடும். காரை நிறுத்த வழியே வைக்கவில்லை.

பாவு தொய்யாமல் தாங்கும் கோலைப் பிடித்திருந்த நெசவுக்கார அக்கா வெறுங்காலைக் குறுக்கே நீட்டினார். கார் அதில் மோதி நின்றது; தகரம் கிழித்து ரத்தம் கொட்டியது.

வழக்கம்போல ஓடத் திரும்பினேன்.

"எங்கடா ஓடற? கால் ஆறிடும், பாவு அறுந்தா ஆறுமா? வந்து கோலைப் புடி, நான் கட்டு போட்டுக்கறேன்."

பிடித்தேன்.

"மெதுவாடா, பாவும் உன்கூட சேந்து நடுங்கிகினு கீது!"

எத்தனையோ ஊர்களில் பயந்து ஓடியிருக்கிறேன். பயத்தோடு நின்றது அங்கேதான்.